கால்கரி முதல் வான்கூவர் வரை, ஆறு பேர், ஒன்பது நாள்: திட்டத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்

கீழைக்காற்று

வணக்கம். திருச்சியில் ஒன்றாகப் படித்த நாங்கள் ஆறு பேர் செப்டம்பர் நடுவில் மேற்குக் கனடாவில் சந்திக்கிறோம். மூன்று பேர் சென்னை, கோவையிலிருந்து வருகிறார்கள், இருவர் டொராண்டோவிலிருந்து, நான் டாலஸிலிருந்து. கல்லூரி முடித்து இருபது ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது. கடைசி ஆண்டு ஊட்டிக்குப் போனதற்குப் பிறகு ஆறு பேரும் ஒரே வண்டியில் ஏறப்போவது இப்போதுதான்.

கையில் இருப்பது ஒன்பது நாள். கால்கரியில் இறங்குகிறோம். முதல் இரவு பான்ஃப், இரண்டாவது ஜாஸ்பர், மூன்றாவது கெலோனா, நான்காவது வான்கூவர். அப்புறம் ஃபெரி ஏறி வான்கூவர் தீவுக்குப் போய் டொஃபினோவில் இரண்டு இரவு, விக்டோரியாவில் ஒன்று, திரும்பி வந்து விஸ்லரில் ஒன்று. ஒன்பதாம் நாள் இரவு வான்கூவரில் விமானம். வண்டி ஓட்டத் தயாராக மூன்று பேர் இருக்கிறோம். மேப்பில் பார்த்தால் எல்லாம் அடங்குகிற மாதிரிதான் தெரிகிறது. போய் வந்தவர்கள், அங்கேயே இருப்பவர்கள் பார்த்துச் சொல்லுங்கள். இன்னும் அறை எதுவும் பதிவு செய்யவில்லை.

மலைச்சாரல்

கால்கரியில் பதினான்கு வருடமாக இருக்கிறேன். ஊரிலிருந்து யார் வந்தாலும் இந்தப் பாதையில் நான்தான் அழைத்துப் போவேன். பதிவு செய்வதற்கு முன்பே கேட்டீர்கள், நல்லது. இந்தத் திட்டத்தை இப்படியே எடுத்துக்கொண்டு போக வேண்டாம்.

மேப் சொல்வது வண்டி ஓடும் நேரத்தை மட்டும்தான். லேக் லூயிஸிலிருந்து ஜாஸ்பருக்கு 230 கிலோமீட்டர், மூன்று மணி நேரம் என்று காட்டும். நான் ஒரு தடவைகூட அதை எட்டு மணி நேரத்துக்குக் குறைவாகக் கடந்ததில்லை. அதுதான் ஐஸ்ஃபீல்ட்ஸ் பார்க்வே, 93ஆம் நெடுஞ்சாலை. 1930களின் பொருளாதார மந்தத்தில் வேலையில்லாமல் இருந்தவர்களுக்கு வேலை கொடுப்பதற்காகத் தொடங்கிய சாலை, 1940இல் திறந்தார்கள். போ ஏரி, அடுத்து பெய்ட்டோ ஏரி, மிஸ்டாயா பள்ளத்தாக்கு, பிறகு அதபாஸ்கா பனியாறு, சன்வாப்டா அருவி, அதபாஸ்கா அருவி என்று அரை மணிக்கு ஒருமுறை வண்டியை ஓரங்கட்டச் சொல்லும் சாலை அது. அதைத் தாண்டிய மறுநாளே கெலோனாவுக்கு 600 கிலோமீட்டர் என்று வைத்திருக்கிறீர்கள். அன்று ஆறு பேரில் நான்கு பேர் பின்சீட்டில் தூங்கிக்கொண்டு வருவார்கள், மவுண்ட் ராப்சனை யாரும் பார்க்க மாட்டார்கள். கனடிய ராக்கீஸிலேயே உயரமான சிகரம் அது, 3,954 மீட்டர். ஜாஸ்பரிலிருந்து ஒரு மணி நேரத்தில் சாலைக்கு நேரெதிரே எழுந்து நிற்கும்.

இந்தியாவிலிருந்து வரும் மூவருக்கும் நேர மாற்றமே பதினொன்றரை மணி நேரம். முதல் இரண்டு நாள் அவர்களால் மதியத்துக்கு மேல் கண்ணைத் திறந்து வைத்திருக்க முடியாது.

என் யோசனை: தீவை விட்டுவிடுங்கள். விக்டோரியாவும் டொஃபினோவும் தனிப் பயணம். ஃபெரியில் ஏறி இறங்கும் நேரம், முன்னதாகப் போய் வரிசையில் நிற்கும் நேரம், டொஃபினோவுக்கு மலை வழியாகப் போகும் நேரம் எல்லாம் சேர்த்தால் ஒன்பது நாளில் மூன்று நாள் அதற்கே போய்விடும். மலைகளுக்கு ஐந்து இரவு கொடுங்கள். மூன்று இரவு கான்மோரில். அது பான்ஃப் பூங்கா எல்லைக்கு வெளியே இருப்பதால் அறை கொஞ்சம் எளிதாகக் கிடைக்கும், பான்ஃப் ஊருக்கு இருபது நிமிடம்தான். இரண்டு இரவு ஜாஸ்பரில்.

கீழைக்காற்று

தீவை விடுவது கஷ்டமாக இருக்கிறது. ஒருவன் திமிங்கலம் பார்க்க வேண்டும் என்று ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான். ஆனால் நீங்கள் சொல்வது புரிகிறது. மொரெய்ன் ஏரிக்கு வண்டி விட மாட்டார்கள் என்று படித்தேன், உண்மையா?

மலைச்சாரல்

உண்மைதான். 2023இலிருந்து சொந்த வண்டியில் போக முடியாது. பூங்கா நிர்வாகத்தின் பேருந்தில் இடம் பதிவு செய்து போக வேண்டும். இருக்கைகளில் ஒரு பகுதியை வசந்த காலத்திலேயே திறந்துவிடுவார்கள். மீதியைப் பயணத் தேதிக்கு இரண்டு நாள் முன்பு காலை 8 மணிக்குத் திறப்பார்கள். கால்கரி நேரம் 8 என்றால் டொராண்டோவில் 10, இந்தியாவில் இரவு 7.30. அந்த நேரத்தில் மூன்று பேர் மூன்று போனில் தயாராக இருங்கள். நிமிடக் கணக்கில் தீர்ந்துவிடும். இன்னொரு விஷயம், அந்த மொரெய்ன் ஏரியும் அதன் பின்னால் நிற்கும் பத்துச் சிகரங்களும்தான் கனடாவின் பழைய 20 டாலர் நோட்டின் பின்பக்கத்தில் இருந்தவை. பழைய நோட்டு யாரிடமாவது கிடைத்தால் எடுத்து வாருங்கள், ஏரிக்கரையில் வைத்துப் பார்க்கலாம்.

செப்டம்பர் மூன்றாம் வாரம் என்றால் உங்களுக்கு ஒரு அதிர்ஷ்டம். லார்ச் மரங்கள் மஞ்சளாகும் நேரம் அது. பார்க்க ஊசியிலை மரம்தான், ஆனால் இலையுதிர்காலத்தில் இலை முழுவதையும் உதிர்த்துவிடும். உதிர்க்கும் முன்பு இரண்டு வாரம் மலைச்சரிவு முழுக்க மஞ்சள் பூசிய மாதிரி இருக்கும். மொரெய்ன் ஏரியிலிருந்து லார்ச் பள்ளத்தாக்குக்கு ஏறும் பாதையில், கரடி நடமாட்டம் இருந்தால் குறைந்தது நான்கு பேர் சேர்ந்துதான் போக வேண்டும் என்று உத்தரவு போடுவார்கள். நீங்கள் ஆறு பேர், பிரச்சினையில்லை. கரடி ஸ்ப்ரே, அதாவது கரடி பாய்ந்து வந்தால் அதன் முகத்தில் அடிக்கும் மிளகாய் ஸ்ப்ரே, வாங்கி இடுப்பில் மாட்டிக்கொள்ளுங்கள். விமானத்தில் கொண்டுவர முடியாது, இங்கே வந்துதான் வாங்க வேண்டும்.

பூங்கா அனுமதிச் சீட்டு குழுவாக எடுங்கள். ஒரே வண்டியில் வரும் ஏழு பேர் வரைக்கும் ஒரே சீட்டு போதும்.

வன்னிமகன்

தம்பி, நாங்கள் 2023 ஆகஸ்டில் ரொறன்ரோவிலிருந்து போன ஆட்கள். எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன். பயப்படுத்துவதற்கு இல்லை, ஆயத்தமாகப் போவதற்கு.

பான்ஃப், லேக் லூயிஸ் எல்லாம் நல்லபடியாகப் பார்த்து முடித்து ரெவல்ஸ்டோக் வந்து சேர்ந்தோம். அன்று பின்னேரம் சூரியன் செம்மஞ்சள் நிறத்தில், வெறுங்கண்ணால் பார்க்கக்கூடிய மாதிரி இருந்தது. காரின் மேல் சாம்பல் விழுந்திருந்தது, விரலால் கோடு போடலாம். அடுத்த நாள் ஷுஸ்வாப் ஏரிப் பக்கம் காட்டுத்தீயால் முதலாம் நெடுஞ்சாலையை மூடிவிட்டார்கள். கெலோனாப் பக்கமும் பெரிய தீ. வீட்டை விட்டு வெளியேறிய சனங்களுக்கும் தீயணைக்க வந்தவர்களுக்கும் அறைகள் வேண்டும், சுற்றுலாப் பயணிகள் அங்கே தங்கக் கூடாது என்று மாகாண அரசு உத்தரவு போட்டது. அது நியாயம்தானே. நாங்கள் வந்த வழியே கல்கரிக்குத் திரும்பி, அங்கிருந்தே வீட்டுக்குப் பறந்தோம். வன்கூவரில் எடுத்த அறைக் காசு திரும்பக் கிடைக்கவில்லை, ஏனென்றால் மலிவு என்று பார்த்து இரத்து செய்ய முடியாத அறையை எடுத்திருந்தோம். நாலு அறை. இருபது டொலர் கூடினாலும் பரவாயில்லை, இரத்து செய்யக்கூடியதாக எடுங்கள்.

செப்டெம்பர் நடுப்பகுதியில் புகை குறைவாக இருக்கும். ஆனால் இல்லை என்று யாரும் எழுதித் தர மாட்டார்கள். ஒவ்வொரு காலையும் புறப்படும் முன் வீதி நிலவரம் சொல்லும் தளங்கள், பிரிட்டிஷ் கொலம்பியாவுக்கு டிரைவ்பிசி, அல்பேட்டாவுக்கு 511, இரண்டையும் பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுக்க வேண்டும்.

சக்கரம்

கால்கரி–வான்கூவர் பாதையில் பதினோரு வருடமாக லாரி ஓட்டுகிறேன். மலைச்சாரல் சொன்னதில் பெரும்பகுதி சரி. ஒரு இடத்தில் மட்டும் நான் மாறுபடுகிறேன். ஜாஸ்பருக்குப் போய்ச் சுற்றி வருவதை விட, லேக் லூயிஸிலிருந்து முதலாம் நெடுஞ்சாலையிலேயே மேற்கே போகலாம். யோஹோ பூங்காவில் எமரால்ட் ஏரி, டகாக்கா அருவி, ரயில் மலைக்குள்ளேயே வட்டமடித்து இறங்கும் சுருள் சுரங்கங்கள். 1909இல் கட்டியவை. நீளமான சரக்கு ரயில் என்றால் முன்பகுதி ஒரு துளையிலிருந்து வெளியே வரும்போது பின்பகுதி இன்னும் மேலே மற்ற துளைக்குள் போய்க்கொண்டிருக்கும். அப்புறம் கோல்டன், ரோஜர்ஸ் கணவாய், ரெவல்ஸ்டோக். ரோஜர்ஸ் கணவாயில் பனிச்சரிவுக்கான கூரைப் பாதைகளுக்குள் வண்டி நுழைந்து நுழைந்து வெளியே வரும்போது ஒவ்வொரு தடவையும் வேறொரு மலை முன்னால் நிற்கும். பதினோரு வருடத்தில் எனக்கு அது அலுக்கவில்லை. ரெவல்ஸ்டோக் தாண்டினால் கிரெய்கெலாக்கி, 1885 நவம்பர் 7இல் கனடாவின் கிழக்கையும் மேற்கையும் இணைத்த ரயில் பாதையின் கடைசி ஆணியை அடித்த இடம். சாலையோரமே இருக்கிறது, பத்து நிமிடம் நில்லுங்கள்.

எந்தப் பாதை என்றாலும் சில விஷயங்கள். பார்க்வேயில் பெட்ரோல் ஒரே இடத்தில்தான், சஸ்காட்செவன் ரிவர் கிராசிங். விலை அதிகம். லேக் லூயிஸிலேயே டேங்கை நிரப்பிக்கொள்ளுங்கள். போன் சிக்னல் பெரும்பாலும் இருக்காது, மேப்பை முதல் நாளே இறக்கி வையுங்கள். பொழுது சாயும் நேரத்திலும் விடியும் நேரத்திலும் ஓட்டவே ஓட்டாதீர்கள். எல்க், மூஸ் என்ற பெரிய மான்கள் எல்லாம் அப்போதுதான் சாலைக்கு வரும். மூஸின் கால் நீளம், உடல் கண்ணாடி உயரத்தில் இருக்கும். கார் மோதினால் கால் தட்டி, உடல் முழுவதும் கண்ணாடிக்குள் வந்துவிடும். நான் அந்தக் காட்சியைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். ஏழு மணிக்குள் தங்கும் இடத்துக்குப் போய்விடுகிற மாதிரி நாளைத் திட்டமிடுங்கள், அவ்வளவுதான் கேட்கிறேன்.

இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வராதீர்கள், கியரைக் குறைத்து இறக்குங்கள். பின்னால் வண்டிகள் சேர்ந்தால் ஒதுங்கிடத்தில் நிறுத்தி வழிவிடுங்கள். ஓட்டப்போகும் மூன்று பேரின் பெயரும் வாடகை ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் விபத்து நேரும்போது காப்பீடு கைகொடுக்காது.

மலைச்சாரல்

சக்கரம் அண்ணா, ரோஜர்ஸ் கணவாய் பற்றி நீங்கள் சொன்னதை மறுக்க மாட்டேன். ஆனால் முதல் தடவை வருகிறவர்களுக்கு, அதுவும் இத்தனை தூரம் தாண்டி வருகிறவர்களுக்கு, பார்க்வேயை விட்டுவிடு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பாதி தூரம் பனியாறு வரை போய்விட்டு லேக் லூயிஸுக்குத் திரும்புகிறவர்கள் உண்டு, அது ஒரு வழி. ஆனால் ஜாஸ்பருக்கு இப்போது ஆள் வர வேண்டும். 2024 ஜூலையில் காட்டுத்தீ ஊருக்குள் புகுந்து கட்டடங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை எரித்துவிட்டது. தெற்கே இருந்து நுழையும்போது இரண்டு பக்கமும் கருகிய மரங்கள் நிற்கும். ஊர் மீண்டு எழுந்துகொண்டிருக்கிறது, கடைகள் திறந்திருக்கின்றன. அறைகள் மட்டும் முன்பு போல ஏராளமாக இல்லை, அதனால் முதலில் ஜாஸ்பரைப் பதிவு செய்துவிட்டு மற்றதைப் பாருங்கள்.

சக்கரம்

அது நியாயமான காரணம். அப்படியானால் ஜாஸ்பர் வழியே போகட்டும். முதலாம் நெடுஞ்சாலையை மாற்றுப் பாதையாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வன்னிமகன் சொன்ன மாதிரி ஒரு பக்கம் மூடினால் மறுபக்கம் கைகொடுக்கும்.

தேன்சிட்டு

வான்கூவர் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். எல்லாரும் மலையோடு நின்றுவிட்டார்கள், கடைசி இரண்டு நாளைப் பற்றி யாரும் சொல்லவில்லை.

ஜாஸ்பரிலிருந்து கம்லூப்ஸ் வந்ததும் பெரும்பாலானவர்கள் ஐந்தாம் நெடுஞ்சாலையில், கோக்விஹல்லாவில், நான்கு மணி நேரத்தில் வான்கூவருக்கு இறங்கிவிடுகிறார்கள். நேரம் இல்லாவிட்டால் அது நல்ல சாலைதான். ஆனால் ஒரு நாள் இருந்தால் கேஷ் கிரீக் வழியாக லில்லூவெட் வந்து, அங்கிருந்து டஃபி ஏரிச் சாலையில் பெம்பர்ட்டன், விஸ்லர், ஸ்குவாமிஷ் என்று 99ஆம் நெடுஞ்சாலையில் இறங்குங்கள். கம்லூப்ஸ் பக்கம் மலை காய்ந்து, புதர் மண்டி, கிட்டத்தட்ட பாலைவனம் மாதிரி இருக்கும். லில்லூவெட்டில் ஃப்ரேசர் ஆறு பழுப்பாக ஆழத்தில் ஓடும். அங்கிருந்து இரண்டு மணி நேரத்தில் ஈரம் சொட்டும் காட்டுக்குள் போய்விடுவீர்கள், மரமெல்லாம் பாசி. கடல் மேகத்தை மேற்குப் பக்க மலைகளே பிழிந்துவிடுகின்றன, கிழக்கே கம்லூப்ஸ் பக்கத்துக்கு மீதமில்லை. ஒரே நாளில் இந்த மாற்றத்தைக் கண்ணால் பார்ப்பது எனக்கு எந்த ஏரியையும் விடப் பிடிக்கும்.

டஃபி சாலையில் ஜாஃப்ரி ஏரிகள் இருக்கின்றன. நாள் அனுமதி வாங்க வேண்டும். சமீப ஆண்டுகளில் இலையுதிர்காலத்தில் சில வாரம் லில்வாட், என்குவாட்குவா பூர்வகுடி மக்கள் தங்கள் நிலத்தில் அறுவடைக்கும் சடங்குகளுக்கும் இருப்பதற்காகப் பொதுமக்களுக்கு மூடுகிறார்கள். உங்கள் தேதியில் மூடியிருக்க வாய்ப்பு அதிகம், போகும் முன் பாருங்கள். மூடியிருந்தால் வருத்தப்பட வேண்டாம், டஃபி ஏரியே சாலையோரம்தான் இருக்கிறது. ஸ்குவாமிஷ் பக்கத்தில் ஷானன் அருவி, 335 மீட்டர், வண்டி நிறுத்தும் இடத்திலிருந்து ஐந்து நிமிட நடை.

அப்புறம் சாப்பாடு. உங்களில் சைவம் எத்தனை பேர்? கான்மோர், பான்ஃபில் இந்திய உணவகம் உண்டு. ஜாஸ்பர் தாண்டினால் கிளியர்வாட்டர், லில்லூவெட்டில் பர்கரும் பிட்சாவும்தான். கால்கரியில் இறங்கியதும் சின்ன ரைஸ் குக்கர் ஒன்று, ஐந்து கிலோ பொன்னி, தயிர் வாங்கிக்கொள்ளுங்கள். புளிக்காய்ச்சலும் பருப்புப் பொடியும் ஊரிலிருந்து வருகிறவர்கள் கொண்டுவரட்டும். சமையலறை உள்ள அறையாகப் பார்த்து எடுங்கள். ஒன்று மட்டும்: மலையில் எங்கே நிறுத்தினாலும் சாப்பாட்டு டப்பாவை வெளியே மேசையில் வைத்துவிட்டுப் படம் எடுக்கப் போகாதீர்கள். மனிதச் சாப்பாட்டு ருசி கண்ட கரடி ஊருக்குள் வரும், கடைசியில் அதைச் சுட்டுவிடுவார்கள். ஒரு புளிசாத டப்பாவுக்காக ஒரு கரடி சாகக் கூடாது.

கீழைக்காற்று

எல்லாருக்கும் நன்றி. ஐந்து பேரிடமும் இந்த இழையை அனுப்பினேன். நேற்று இரண்டு மணி நேரம் பேசி முடிவு செய்துவிட்டோம். தீவு இல்லை. திமிங்கல நண்பன் ஒப்புக்கொண்டான், அவனுக்காக அடுத்த முறை தனியாக. கான்மோரில் மூன்று இரவு, ஜாஸ்பரில் இரண்டு, கிளியர்வாட்டரில் ஒன்று, லில்லூவெட்டில் ஒன்று, வான்கூவரில் ஒன்று. ஜாஸ்பர் அறை கிடைத்துவிட்டது. எல்லாமே இரத்து செய்யக்கூடியவை, வன்னிமகன் அண்ணா. வண்டி ஏழு பேர் உட்காரும் வேன்.

வன்னிமகன்

வேன் என்று எழுதியிருந்தாலும் கையில் தரும்போது சரிபார்க்க வேண்டும், தம்பி. எங்களுக்கு வேன் என்று பதிவாகி, அங்கே போனபோது ஏழு இருக்கை உள்ள வேறொரு வண்டியைத் தந்தார்கள். மூன்றாவது வரிசையை நிமிர்த்தினால் பின்னால் இரண்டு பெட்டிகூடப் போகாது. கல்கரியிலிருந்து பான்ஃப் வரை மடியில் பெட்டியோடு வந்தோம். ஆறு பேரும் பெரிய பெட்டியை விட்டு, மடங்கக்கூடிய துணிப் பையில் வாருங்கள்.

தேன்சிட்டு

கிளியர்வாட்டரில் தங்குவது நல்ல முடிவு. காலையில் ஹெல்ம்கென் அருவிக்குப் போங்கள், 141 மீட்டர் நேராக விழும். அருவி இருக்கும் பூங்காவுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. வான்கூவரில் ஒரு வேளை எங்கள் வீட்டில் சாப்பிடுங்கள், தனிச்செய்தியில் முகவரி அனுப்புகிறேன்.

கீழைக்காற்று

திரும்பி வந்து பத்து நாளாகிறது. சொல்லாமல் இருந்தால் நன்றாக இருக்காது.

மொரெய்ன் ஏரிச் சீட்டுக்காக, கால்கரி நேரம் காலை எட்டு மணிக்கு ஆறு பேரும் ஆறு போனோடு உட்கார்ந்தோம். ஒரே ஒருவனுக்குத்தான் கிடைத்தது, அதில் ஆறு இடம் எடுத்துவிட்டான். லார்ச் பள்ளத்தாக்கு ஏறும்போது முதல் ஒரு மணி நேரம் வெறும் பச்சை, எல்லாருக்கும் மூச்சு வாங்கியது. ஒரு திருப்பம் தாண்டியதும் மஞ்சள். முதல் நாள் இரவு லேசாகப் பனி விழுந்திருந்தது. வெள்ளைத் தரையில் உதிர்ந்த ஊசிகள், கையில் எடுத்தால் பூனைமுடி மாதிரி மெத்தென்று இருந்தன. கோவை நண்பன் ஒரு பிடி எடுத்துச் சட்டைப்பையில் போட்டான். பூங்காவிலிருந்து எதையும் எடுத்துப் போகக் கூடாது என்று இன்னொருவன் சொன்னதும் திரும்ப மரத்தடியில் கொட்டினான்.

பார்க்வேயில் எங்களுக்குப் பத்து மணி நேரம் ஆனது. மலைச்சாரல் அண்ணா சொன்ன எட்டுகூடப் போதவில்லை. பெய்ட்டோ ஏரியின் நிறத்தை யாருக்கும் போனில் காட்டி நம்பவைக்க முடியாது. அந்த நிறம் எங்கிருந்து வருகிறது என்பது மதியம் அதபாஸ்கா பனியாற்றின் அடியில் புரிந்தது. பனியாறு பாறையை அரைத்து மாவாக்குகிறது. அங்கே ஓடும் தண்ணீர் நம் வீட்டு அரிசி கழுவிய தண்ணீர் போலவே சாம்பல் வெள்ளை. அந்த மாவு ஏரியில் மிதந்து நின்று, வெயில் பட்டதும் நீலப்பச்சை ஆகிறது.

பனியாற்றுக்குப் போகும் பாதையில் எந்த ஆண்டு பனியின் விளிம்பு எதுவரை இருந்தது என்று குறித்து வைத்திருக்கிறார்கள். நூற்று இருபத்தைந்து ஆண்டுகளில் ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் பின்னால் போயிருக்கிறது. 1982 என்ற குறியருகே நின்றோம். எங்களில் நான்கு பேர் பிறந்த ஆண்டு. அங்கிருந்து பனி இருக்கும் இடம் வரை வெறும் சரளை, சின்ன ஓடை, மறுபடி சரளை. நடந்துகொண்டே இருந்தோம், யாரும் அதிகம் பேசவில்லை. கயிறு கட்டிய இடத்தில் நின்றுவிட்டோம். பனிப் பிளவில் விழுந்து இறந்தவர்களைப் பற்றிய பலகை அங்கே இருக்கிறது.

சக்கரம் அண்ணா, ஒரு நாள்கூட ஏழு மணிக்கு மேல் ஓட்டவில்லை. ஜாஸ்பரில் மாலை ஆறரைக்கு அறைக்குள் இருந்தோம், சன்னலுக்கு வெளியே தெருவிலேயே எல்க் ஒன்று கொம்போடு நடந்து போனது. புகை இல்லை. ஜாஃப்ரி ஏரிகள் மூடியிருந்தன, டஃபி ஏரிக்கரையில் புளிசாதம் சாப்பிட்டோம், டப்பாவைக் கையை விட்டு இறக்காமல்.

கரடி ஸ்ப்ரே, ஒரு தடவைகூட அழுத்தாதது, ரைஸ் குக்கர், மீதி இரண்டு கிலோ பொன்னி எல்லாம் வான்கூவரில் தேன்சிட்டு அக்கா வீட்டில் இருக்கின்றன. அடுத்து அங்கிருந்து எதிர்த்திசையில் கால்கரிக்குப் போகிறவர்கள் அக்காவிடம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். ஸ்ப்ரேயின் காலாவதித் தேதியை மட்டும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.